அடுத்தவர் கேட்கும் பாட்டு

ஒருவர் அன்றாடம் என்ன பாட்டு கேட்கிறார் என்று அறிந்துகொள்ளும் ஆசை எல்லோரிடமும் உண்டு. பேருந்தில் பக்கத்தில் இருப்பவரின் இயர்போனிலிருந்து கசியும் தாளத்தைக் கொண்டு அது எந்தப் பாட்டு என்று மனம் ஊகிக்கிறது. புதிதாகக் குடிவந்த வீட்டின் சன்னல் வழியே காலையில் வரும் பாட்டை வைத்து, அவர்கள் இன்னார் என்று தெரு முடிவு கட்டிவிடுகிறது. பெண் பார்க்கப் போன இடத்தில் பேச்சைத் தொடங்க வழி தெரியாதவர்கள், "பாட்டெல்லாம் கேட்பீங்களா?" என்றுதான் தொடங்குகிறார்கள். பார்வைக்குச் சிறிய இந்த ஆசைக்குள் பெரிய வினாக்கள் இரண்டு இருக்கின்றன. பிறர் செவியில் ஒலிப்பதை அறியும் உரிமை ஒருவருக்கு உண்டா? உரிமை உண்டென்றே வைத்துக்கொண்டாலும், அதை அறிய முடியுமா? சமயங்களும் மெய்யியலும் இவ்வினாக்களை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பல வடிவங்களில் எதிர்கொண்டு வந்திருக்கின்றன.

இவ்வினாவை எண்ணிப் பார்க்கத் தமிழ் ஒரு நல்ல கருவியைக் கையில் தருகிறது. காதால் கேட்பதற்கும் வாயால் கேட்பதற்கும் தமிழில் வினை ஒன்றுதான். திருக்குறளின் 42-ஆம் அதிகாரமான 'கேள்வி' அறிவுடையோர் சொல்லைச் செவிவழி ஏற்பதைப் பற்றியது. இன்று அதே சொல்லுக்கு முதலில் தோன்றும் பொருள் வினா. உறவினரையும் பழந்தமிழ் 'கேள்', 'கேளிர்' என்றது. நட்புக்குக் 'கேண்மை' என்று பெயர். உறவைக் குறிக்கும் சொல்லை அகராதிகள் தனிச்சொல்லாகவே பதிவு செய்கின்றன. வேர் வேறாக இருந்தாலும் தமிழ்க் காதுக்கு மூன்றும் ஓரொலிதான். அதே வினையிலிருந்து 'ஒட்டுக்கேட்டல்' என்ற சொல்லும் பிறந்திருக்கிறது. சுவரில் காதை ஒட்டவைத்துக் கேட்பதும், எதிரில் உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்பதும் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதைத் தமிழ் பேசும் எவரும் அறிவர். அடுத்தவர் கேட்கும் பாட்டைப் பற்றிய ஆர்வமும் இந்த இரண்டில் ஒன்றாகவே அமைகிறது.

இசை மீதான ஐயம்

"நீ என்ன கேட்கிறாய்?" என்ற வினா வரலாற்றில் பெரும்பாலும் விசாரணையாகவே ஒலித்திருக்கிறது. இசை மனிதரை மாற்றிவிடும் என்ற அச்சம் அதற்குக் காரணம். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில், நல்லரசின் காவலர்கள் எந்தெந்தப் பண்வகைகளைக் கேட்கலாம், எவற்றைக் கேட்கக் கூடாது என்று வகுத்தார். புலம்பலுக்கும் களியாட்டத்துக்கும் உரியவை விலக்கப்பட்டன. ஒரு நாட்டின் பண் மாறினால் அதன் சட்டங்களும் ஆட்டம் காணும் என்பது அவர் கொண்ட கருத்து. பௌத்தத்தில் துறவியர் கொள்ளும் பத்துச் சீலங்களுள் ஏழாவது, ஆடல், பாடல், இசை, கேளிக்கைக் காட்சிகள் ஆகியவற்றிலிருந்து விலகியிருப்பது. உபோசத நோன்பு நாளில் எண்சீலம் ஏற்கும் இல்லறத்தாருக்கும் அது பொருந்தும். இசைக்கருவிகளைக் கேட்பது ஆகுமா ஆகாதா என்ற விவாதம் இஸ்லாமியச் சட்ட அறிஞர்களிடையே நெடுங்காலம் நடந்திருக்கிறது.

கிறித்தவ மரபில் இந்தத் தவிப்பைத் தன்மேல் வைத்து எழுதியவர் புனித அகுஸ்தீன் (354–430). கி.பி. 400-ஐ ஒட்டி எழுதிய 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில் செவியின்பத்தைப் பற்றி அவர் தம்மையே விசாரிக்கிறார். மிலான் நகரக் கோயிலில் கேட்ட பாடல்கள் தம்மை அழவைத்ததையும், அந்தக் கண்ணீர் தமக்கு நன்மை செய்ததையும் அவர் மறக்கவில்லை. ஆனாலும் பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரல் தம்மை இழுக்கும் வேளைகளில் தாம் தவறுவதாக உணர்கிறார். பேச்சைப்போலத் தோன்றும் அளவுக்கு மட்டும் ஏற்றஇறக்கம் வைத்து ஓதச் செய்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுவின் வழி பாதுகாப்பானதோ என்று எண்ணுகிறார். முடிவில், எளிய மனங்கள் செவி வழியாகப் பக்திக்கு எழும் என்பதால், கோயிலில் பாடும் வழக்கத்தின் பக்கமே சாய்கிறார். தீர்ப்பு அவருக்கு எளிதாக வரவில்லை. வந்த பிறகும் அதை இறுதியானது என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை.

அரசுகளும் இந்த ஐயத்தைக் கையில் எடுத்ததுண்டு. 1952-இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், மக்களின் செவியைச் செவ்வியல் இசையின் பக்கம் திருப்ப விரும்பினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் அருகிப்போனது. கேட்பவர்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியை வைத்துக்கொண்டார்கள். 1957 அக்டோபர் 3-ஆம் நாள் 'விவித பாரதி' தொடங்கப்பட்டபோது திரைப்பாடலும் திரும்பி வந்தது. மக்கள் கேட்க வேண்டியது இதுவென முடிவு செய்தவர்கள், அவர்கள் ஏன் அதைக் கேட்கிறார்கள் என்று முதலில் கேட்டிருந்தால் இந்த ஐந்தாண்டுச் சுற்றுவழி தேவைப்பட்டிருக்காது.

சுவர் ஏறலாகாது

ஐயம் ஒரு பக்கம் வளர, அதற்கு எல்லை கட்டும் சிந்தனையும் சமயங்களுக்குள்ளேயே வளர்ந்தது. இஸ்லாமிய மரபில் கலீஃபா உமரைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்று இதற்குச் சிறந்த சான்று. மதீனாவில் இரவுக் காவல் சுற்றி வரும்போது ஒரு வீட்டுக்குள்ளிருந்து பாட்டுக் குரல் கேட்கிறது. உமர் சுவர் ஏறி உள்ளே குதிக்கிறார். அங்கே மதுவோடு இருந்தவனைக் கடிந்துகொள்கிறார். அவன் பணிவோடு பதில் சொல்கிறான்: தான் செய்த குற்றம் ஒன்று; கலீஃபா செய்தவை மூன்று. துருவிப் பார்க்கக் கூடாது என்று இறைவன் விலக்கியிருக்க, அவர் துருவினார். வீட்டுக்கு வாசல் வழியே வரச் சொல்லியிருக்க, சுவர் வழியே வந்தார். அனுமதி கேட்டு முகமன் கூறி நுழையச் சொல்லியிருக்க, எதுவும் கூறாமல் நுழைந்தார். உமர் அந்த வாதத்தை ஏற்று அவனை விட்டுவிட்டார் என்று அச்செய்தி முடிகிறது.

இமாம் அல்-கஸ்ஸாலி (1058–1111) இச்செய்தியை எடுத்தாண்டு அதிலிருந்து ஒரு விதியை வகுக்கிறார். அவருடைய 'இஹ்யா உலூமித்தீன்' நாற்பது நூல்களாக அமைந்த பெருந்தொகுதி. அதில் 18-ஆம் நூல் இசை கேட்டலையும் அது தரும் மெய்மறப்பையும் பற்றியது. அடுத்து வரும் 19-ஆம் நூல் நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் கடமையைப் பற்றியது. இந்த இரண்டாவது நூலில், ஒழுக்கத்தைக் கண்காணிப்பவருக்கு அவர் தெளிவான வரம்பு இடுகிறார். யாழோசை வருகிறதா என்று அடுத்தவர் வீட்டில் ஒட்டுக்கேட்கக் கூடாது. மது வாடை வருகிறதா என்று மோப்பம் பிடிக்கக் கூடாது. ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வது குழல்தானா என்று தடவிப் பார்க்கக் கூடாது. கேட்கும் பொருள் தவறாகவே இருந்தாலும், தேடிப்போய்க் கண்டுபிடிக்கும் உரிமை யாருக்கும் இல்லை என்பதே இதன் உட்கருத்து.

அகுஸ்தீனிடமும் இதற்கு இணையான சிந்தனை உண்டு. செவியின்பத்தைப் பேசிய அதே பத்தாம் பகுதியில், சற்றே தள்ளி, வீண் ஆர்வத்தையும் அவர் ஒரு சோதனையாகப் பட்டியலிடுகிறார். முயலை விரட்டும் நாயும், ஈயைப் பிடிக்கும் பல்லியும், வலை பின்னும் சிலந்தியும்கூடத் தம் கவனத்தைக் களவாடுவதாகச் சொல்கிறார். அப்பகுதியின் தொடக்கத்திலேயே, பிறர் வாழ்வை அறிய மனிதர் காட்டும் வேகத்தையும் தம் வாழ்வைத் திருத்துவதில் காட்டும் சோம்பலையும் சுட்டியிருப்பார். இசையும் ஆர்வமும் ஒரே மனத்தின் இரு வாசல்கள் என்பதை அவர் கண்டிருந்தார்.

கேளாமல் எறிந்த கல்

துருவுவது தவறு என்பதால் ஆர்வமே வேண்டாம் என்று முடிவு செய்தால் எதிர்ப்பக்கத்துக் குழியில் விழ நேரும். அதற்குத் தமிழ் வைணவம் ஒரு கதையை வைத்திருக்கிறது. திருப்பாணாழ்வார் பாணர் குலத்தில் வளர்ந்தவர். அரங்கத்துக்குள் நுழைய அவருக்கு இடமில்லை. காவிரியின் தென்கரையில் நின்றபடி வீணையோடு அரங்கனைப் பாடுவார். ஒரு நாள் கோயில் திருமஞ்சனத்துக்கு நீர் எடுக்க லோகசாரங்க முனிவர் குடத்தோடு வந்தார். பாணர் வழியில் நின்றார். ஒதுங்கும்படி முனிவர் குரல் கொடுத்தார். பாட்டில் கரைந்திருந்தவருக்கு அது காதில் விழவில்லை. முனிவர் ஒரு கல்லை எடுத்து எறிந்தார். நெற்றியில் குருதி வழிந்தது. அன்றிரவு அரங்கன் கனவில் தோன்றி, அந்தப் பாணரைத் தோளில் சுமந்து தன் முன் கொண்டுவரும்படி முனிவரைப் பணித்தான். முனிவரின் தோளேறி வந்ததால் ஆழ்வாருக்கு 'முனிவாகனர்' என்ற பெயர் நிலைத்தது. உள்ளே வந்து அவர் பாடிய 'அமலனாதிபிரான்' பத்துப் பாடல்களே.

குருபரம்பரை நூல்கள் இதைச் சாதிச்செருக்கு அடங்கிய கதையாகச் சொல்கின்றன. அதுவே அதன் மையம். அதற்குள் கேட்டலைப் பற்றிய பாடமும் இருக்கிறது. பாணர் எதில் மூழ்கியிருக்கிறார் என்று முனிவர் ஒரு கணம் நின்று செவிகொடுத்திருந்தால், தாம் நீர் சுமப்பது யாருக்கோ அவரையே இவரும் பாடுகிறார் என்று தெரிந்திருக்கும். அவருக்குக் கேட்டது வழிமறிப்பு மட்டுமே. பிறர் கேட்பதில் ஆர்வமே இல்லாதவர் அவர்களைப் பொருளாகப் பார்த்துவிடுகிறார். பொருளை நகர்த்தக் கல் போதும்.

பாட்டு ஒன்று, செவி பல

இஹ்யாவின் 18-ஆம் நூல் இன்னும் ஆழமான ஒன்றைச் சொல்கிறது. இசை உள்ளத்தில் இல்லாததை உண்டாக்குவதில்லை. உள்ளதை அசைக்கிறது என்பது கஸ்ஸாலியின் நிலைப்பாடு. ஆகவே ஒரே பாட்டு ஒருவருக்கு ஆகுமானதாகவும், இன்னொருவருக்கு ஆகாததாகவும் அமையலாம். காதல் பாட்டைக் கேட்கும் ஒருவர் தன் ஆசைக்குரிய ஒருத்தியை நினைக்கலாம். அதே வரியைக் கேட்கும் சூஃபி, பிரிவு என்றால் இறைவனிடமிருந்து பிரிவு என்றும், சந்திப்பு என்றால் அவனைச் சேர்தல் என்றும் கொள்வார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இருவரும் ஒரே பாட்டைத்தான் கேட்கிறார்கள்.

சூஃபி நூல்கள் பாக்தாதைச் சேர்ந்த ஷிப்லியின்மேல் ஏற்றிச் சொல்லும் ஒரு நிகழ்ச்சி இதன் உச்சம். கடைத்தெருவில் வெள்ளரிக்காய் விற்பவன், பத்துக் காய் ஒரு காசு என்று கூவுகிறான். அரபியில் 'கியார்' என்றால் வெள்ளரிக்காய். நல்லோர் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஷிப்லி அலறிவிடுகிறார். நல்லோரே காசுக்குப் பத்துப் பேர் என்றால், தீயோருக்கு என்ன விலை என்பது அவர் காதில் விழுந்தது. அங்கே இசையே இல்லை. வியாபாரிக் குரல் மட்டுமே. அதுவும் கேட்பவரின் நிலையால் மறையுரை ஆயிற்று.

தமிழ்த் தெருக்களிலும் இதைக் காண முடியும். 1963-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி குரலில் வெளிவந்த வேங்கடேச சுப்ரபாதம் பல வீடுகளில் இறைவனை எழுப்பும் பாட்டு. அடுப்படியில் நிற்பவருக்கு அது கடிகாரமும்கூட. இன்ன அடி வருவதற்குள் பால் காய்ந்திருக்க வேண்டும். மறைந்த தாயின் நினைவாக அதைப் போடுகிறவருக்குக் குரல் எம்.எஸ்ஸுடையது, காதில் விழுவது தாயின் காலடி. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசத்தை ஒருவர் நோய் தீர வேண்டிக் கேட்கிறார். இன்னொருவருக்கு அது வெள்ளிக்கிழமையின் ஓசை. நாகூர் ஹனீபாவின் (1925–2015) இஸ்லாமியப் பாடல்களை இந்துக்களும் கிறித்தவர்களும் தங்கள் இறைவனை எண்ணியே கேட்டு உருகியிருக்கிறார்கள். பாட்டின் பெயரைத் தெரிந்துகொண்டவருக்கு இதில் எதுவும் தெரிந்திருக்காது. "என்ன பாட்டு?" என்ற கேள்வி வாசல்வரைதான் கொண்டுவிடும்.

புத்தர் கேட்ட கேள்விகள்

இசையிலிருந்து விலகியிருக்கச் சீலம் வகுத்த பௌத்தத்தின் பாலி நூல்களிலேயே, பிறருடைய இசையைப் பற்றி எப்படிக் கேட்பது என்பதற்கு இரு அழகிய சான்றுகள் உள்ளன.

முதலாவது தீக நிகாயத்தின் 21-ஆவது உரையான 'சக்கன் வினாக்கள்'. மகதத்தில் இந்தசாலக் குகையில் புத்தர் தியானத்தில் இருக்கிறார். அவரைக் காண வந்த தேவர் தலைவன் சக்கன், முதலில் பஞ்சசிகன் என்னும் கந்தர்வனை அனுப்புகிறான். வில்வ மரத்தாலான வீணையோடு வந்த பஞ்சசிகன், நெருங்கியும் போகாமல் விலகியும் நிற்காமல், குரல் எட்டும் தொலைவில் நின்று பாடுகிறான். அது முழுக்க முழுக்கக் காதல் பாட்டு. காதலிக்காக ஏங்கும் அடிகளின் நடுவே புத்தரும் அறமும் அருகதரும் உவமையாக வந்துபோகிறார்கள். பாடி முடித்ததும் புத்தர் கண்டிக்கவில்லை. நரம்பின் ஒலி குரலோடும், குரல் நரம்போடும் ஒன்றையொன்று விஞ்சாமல் இணைந்திருப்பதைப் பாராட்டுகிறார். பிறகு, இதை எப்போது இயற்றினாய் என்று கேட்கிறார். அந்தக் கேள்விதான் பஞ்சசிகனின் வாயைத் திறக்கிறது. தான் நேசித்த சூரியவச்சசை வேறொருவனை விரும்பியதையும், அவளுடைய தந்தை திம்பருவின் வீட்டு வாசலில் நின்று இதைப் பாடியதையும், பாட்டில் புத்தரின் பெயர் வந்ததால் அவள் தன்னோடு பேச இசைந்ததையும் அவன் சொல்கிறான்.

இரண்டாவது அங்குத்தர நிகாயத்தில் வரும் சோணரின் கதை. செல்வ வீட்டில் பிறந்து துறவியான சோணர், கால் வெடித்துக் குருதி வரும்வரை நடைத்தியானம் செய்தும் பயன் காணாமல், வீடு திரும்பிவிடலாமா என்று எண்ணுகிறார். புத்தர் அவரிடம் வந்து, முன்பு வீட்டில் இருந்தபோது வீணை வாசிப்பதில் வல்லவராக இருந்தீரா என்று கேட்கிறார். ஆம் என்கிறார் சோணர். நரம்பு அளவுக்கு மீறி முறுக்கேறியிருந்தால் ஓசை எப்படி இருக்கும், தொய்ந்திருந்தால் எப்படி, அளவாக இருந்தால் எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, விடையைச் சோணர் வாயாலேயே வரவழைக்கிறார். முயற்சியும் அப்படித்தான் என்று முடிக்கிறார்.

இரு இடத்திலும் கேள்வியின் இயல்பைக் கவனிக்க வேண்டும். இந்தப் பாட்டு உயர்ந்ததா தாழ்ந்ததா என்று புத்தர் கேட்கவில்லை. எப்போது, எந்த நிலையில், எப்படி என்று கேட்டார். அதனால் ஒருவனின் காதல் கதை வெளிவந்தது. மற்றவருக்குத் தம் கைப்பழக்கத்திலிருந்தே வழி கிடைத்தது. கேள்விக்கு முன்பே அவர் பாட்டை முழுதாகக் கேட்டிருந்தார் என்பதும், சோணரின் கையறிந்த வித்தையை மதித்திருந்தார் என்பதும் இதில் அடங்கும்.

ஒலி அறிந்தவர்

சீன மரபு இந்த ஆர்வத்தை நட்பின் இலக்கணமாகவே ஆக்கியது. கன்பூசியஸின் உரைத்தொகுப்பான 'லுன்-யூ'வின் ஏழாம் பகுதியில் அவருடைய கேட்கும் பழக்கம் பற்றிய குறிப்புகள் உள்ளன. சி நாட்டில் 'ஷாவ்' என்னும் இசையைக் கேட்ட பிறகு மூன்று மாதம் அவருக்கு இறைச்சியின் சுவை தெரியவில்லை. யாரேனும் நன்றாகப் பாடினால், அவரை மறுபடி பாடச் சொல்லிக் கேட்டு, அதன் பிறகே தாமும் சேர்ந்து பாடுவார். முதலில் கேட்பது, பிறகு இன்னொரு முறை கேட்பது, அதன் பிறகு தன் குரலைச் சேர்ப்பது என்ற வரிசை, அடுத்தவர் இசையை அணுகும் மரியாதையை ஒரு சிறு பழக்கத்துக்குள் அடக்கிவிடுகிறது.

போ யா என்ற யாழ்க் கலைஞரும் சோங் சுசி என்ற அவருடைய நண்பரும் பற்றிய கதை இன்னும் புகழ்பெற்றது. போ யா மலையை நினைத்து வாசித்தால் சுசி மலையைக் கேட்பார். ஓடும் நீரை நினைத்து வாசித்தால் நீரைக் கேட்பார். சுசி இறந்ததும் போ யா யாழை உடைத்து, நரம்புகளை அறுத்து, அதன்பின் வாசிக்கவேயில்லை. இக்கதையிலிருந்து சீன மொழியில் உற்ற நண்பருக்கு 'சியின்' என்ற சொல் வழங்கிவருகிறது. ஒலியை அறிந்தவர் என்பது அதன் பொருள். கேட்டலும் கேண்மையும் அங்கே வெளிப்படையாகவே ஒன்றாகிவிட்டன.

பிறர் கேட்பது நமக்குக் கேட்குமா?

போ யா கதை நிறைவேறிய ஆசையைச் சொல்கிறது. மெய்யியல் அதை எளிதில் நம்புவதில்லை. ஒருவர் செவியில் விழும் அதே அலை இன்னொருவர் செவியிலும் விழலாம். ஆனால் முதலாமவரின் உள்ளத்தில் நிகழ்வதை இரண்டாமவர் நேரடியாக ஒருபோதும் பெறுவதில்லை. ஷிப்லியின் அருகில் நின்றவர்களுக்கு வெள்ளரிக்காய்தான் கேட்டது.

இந்தச் சிக்கலுக்குக் காஷ்மீர சைவ அறிஞர் அபிநவகுப்தர், கி.பி. 1000-ஐ ஒட்டி ஒரு விடை கண்டார். நாட்டிய சாத்திரத்துக்கு எழுதிய உரையில் அவர் கேட்பது இது: மேடையில் உள்ள துயரம் யாருடையது? பாத்திரத்தின் துயரம் என்றால் பார்ப்பவருக்கு அதனால் என்ன? பார்ப்பவரின் சொந்தத் துயரம் என்றால் அது எப்படி இன்பமாகும்? கலையில் உணர்ச்சி 'என்னுடையது', 'அவனுடையது' என்ற கட்டுகளிலிருந்து விடுபட்டுப் பொதுமையடைகிறது என்பது அவருடைய விடை. அந்தப் பொதுநிலையில் சுவைக்கத் தகுதி பெற்றவரே 'சகிருதயர்', அதாவது ஒத்த நெஞ்சினர். துடைத்த கண்ணாடிபோல் பயிற்சியால் தெளிந்த மனம் அவருக்கு வேண்டும்.

இதை அன்றாடக் கேட்டலுக்குப் பொருத்தினால், தவிர்க்க முடியாத இழப்பும் கிடைக்கக்கூடிய பேறும் சேர்ந்தே தெரிகின்றன. சுப்ரபாதத்தில் தாயின் காலடியைக் கேட்பவரின் தாய், வேறொருவருக்குக் கிடைக்க மாட்டார். ஆனால் இல்லாமல் போன ஒருவரைக் காலை ஒலியில் வைத்துக் காப்பாற்றுவது என்ற செயல் எவருக்கும் புரியக்கூடியது. பாட்டோடு கதையும் சொல்லப்படும்போது, கேட்பவர் தம் இழப்பின் வழியாக அதைத் தொடுகிறார். முழுதாகப் பெற முடியாததைப் பொதுவில் பகிர முடிகிறது.

தனிச்செவிக் காலம்

இந்த வினாக்கள் பழங்காலத்தில் எழுந்தபோது இசை கேட்பதென்றால் பாடுபவர் எதிரில் இருக்க வேண்டும். பெரும்பாலும் உடன் கேட்பவர்களும் இருப்பார்கள். 1877-இல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்து காட்டிய பிறகு பாட்டு பாடுபவரைவிட்டுப் பிரிந்தது. 1979 ஜூலை 1-ஆம் நாள் ஜப்பானில் சோனி 'வாக்மேன்' விற்பனைக்கு வந்ததும் உடன் கேட்பவரையும்விட்டுப் பிரிந்தது. தெருவில் நடக்கும் ஒருவரின் செவி அன்று முதல் மூடிய அறை. அடுத்தவர் கேட்பது தெரியாமல் போனதால் அதை அறியும் ஆவலும் கூடியது.

சமூக அறிவியல் இந்த ஆவலை இரு விதமாகக் கையாண்டது. பிரான்ஸில் பியர் பூர்தியே 1960-களில் 1,217 பேரிடம் விருப்பங்களைக் கேட்டறிந்து, 1979-இல் வெளியிட்ட 'வேறுபாடு' என்ற நூலில், இசை ரசனையைப்போல் ஒருவரின் வர்க்கத்தைக் காட்டிக்கொடுப்பது வேறில்லை என்று நிறுவினார். பாஃக்கின் ஒரு படைப்பை விரும்பியவர்களும் 'நீல டானூப்' வால்ட்ஸை விரும்பியவர்களும் வேறுவேறு படிகளில் நின்றார்கள். ரசனை என்ற பெயரில் ஏற்றத்தாழ்வு எப்படி நியாயப்படுத்தப்படுகிறது என்பதை அந்த ஆய்வு வெளிச்சமிட்டது. ஆனால் தனி மனிதர் அதில் ஒரு புள்ளி.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் சார்லஸ் கைலும் அவர் மாணவர்களும் வேறு வழியில் சென்றார்கள். உங்களுக்கு இசை என்பது எதைப் பற்றியது என்ற ஒரு திறந்த கேள்வியோடு குழந்தைகள் முதல் முதியோர் வரை பலரிடமும் உட்கார்ந்து, அவர்கள் பேச்சை அப்படியே பதிவு செய்தார்கள். 1993-இல் 'மை மியூசிக்' என்ற நூலாக அது வந்தது. கைரேகைபோல் ஒவ்வொருவரின் இசைவாழ்வும் தனித்தன்மை உடையது என்பது அவர்கள் கண்டது. பஃபலோவில் கேட்கப்பட்ட கேள்வியும் இந்தசாலக் குகையில் கேட்கப்பட்ட கேள்வியும் ஒரே குடும்பம்.

இன்று கைப்பேசிச் செயலிகள் ஒவ்வொரு பாட்டையும், அது பாதியில் நிறுத்தப்பட்டதையும் குறித்துவைக்கின்றன. ஆண்டிறுதியில் அந்தக் கணக்கைப் படமாக்கித் தருகின்றன. கேட்டவர்களும் அதை மகிழ்ச்சியோடு பகிர்கிறார்கள். விரும்பிக் காட்டுவது வாசலைத் திறப்பதுதான், அதில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கு எத்தனை முறை என்று சொல்லும். எதற்காக என்று சொல்லாது.

ஒரு தையற்கடையை எண்ணிப் பார்க்கலாம். மேசையோரத்தில் வானொலி ஓடுகிறது. தையல் எந்திரம் ஓடும்போது அதன் சத்தத்துக்கு மேல் கேட்கும் அளவுக்கு ஒலி ஏறுகிறது. புதுத் துணியை விரித்துக் கத்தரியைக் கையில் எடுக்கும்போது தையற்காரர் கை நீட்டி ஒலியைக் குறைக்கிறார். தைத்ததைப் பிரிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. உங்களுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டால் அவர் ஏதோ ஒன்றைச் சொல்வார். வெட்டும்போது ஏன் குறைக்கிறீர்கள் என்று கேட்டால், கவனம் என்பது அவருக்கு என்ன, பாட்டு அதில் எங்கே துணையாக நிற்கிறது, எங்கே விலகி நிற்கிறது என்று அவர் வாழ்வே பேசத் தொடங்கும். செயலியின் பதிவில் இது ஒலியளவு மாற்றமாகக்கூட இடம்பெறாது.

நல்ல கேள்வியின் இலக்கணம்

இசை கேட்க மூன்று பொருந்த வேண்டும் என்று பாக்தாதின் சூஃபி ஞானி ஜுனைத் கூறியதாகக் கஸ்ஸாலி குறிப்பிடுகிறார்: காலம், இடம், உடனிருப்போர். இவை பொருந்தாவிட்டால் கேட்காமல் இருப்பதே நலம். பிறர் கேட்கும் இசையைப் பற்றிக் கேட்பதற்கும் இம்மூன்றையே அளவுகோலாகக் கொள்ளலாம். காலம் என்பது, அவர் பாட்டில் இருக்கும்போது குறுக்கிடாமை. லோகசாரங்கர் தவறியது இங்கே. இடம் என்பது, வாசல் வழியே, அனுமதியோடு வருவது. உமர் ஏற்றுக்கொண்ட பாடம் இது. உடனிருப்போர் என்பது கேட்பவரே உடனிருப்பவராக மாறுவது. தரம் பிரிக்கவும் இன்னார் என்று முத்திரை குத்தவும் வந்தவர் உடனிருப்பவர் ஆக மாட்டார்.

இதிலிருந்து இரு வினாக்களுக்கும் விடை கிடைக்கிறது. பிறர் செவியில் ஒலிப்பதை அறியும் உரிமை எவருக்கும் இயல்பாக இல்லை. அது அவர் தரும்போது பெறுவது. முழுதாக அறிவதும் இயலாது; ஆனால் அவர் எப்போது, எதற்காக, யாரை நினைத்துக் கேட்கிறார் என்று சொல்லக் கேட்டு, அந்தப் பாட்டையும் அவரோடு இருந்து கேட்டால், ஒத்த நெஞ்சுக்கு எட்டும் அளவுக்கு எட்டும். வாயால் கேட்டவர் காதாலும் கேட்க ஆயத்தமாக இருக்கும்போதுதான் இந்த ஆர்வம் அறமாகிறது. கன்பூசியஸ் பாடியவரை இன்னொரு முறை பாடச் சொன்னதில் இந்த இரண்டு கேட்டலும் இருந்தன.